முதுகுக்கு ஒரு ஜாதகம்

1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆணியைப் பற்றி நாலு வரி வந்தது. இருபத்தொன்பது வயசுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்திருக்கிறார். கீழே பதினைந்து சென்டிமீட்டர் ஆணி. பூட்ஸின் அடியில் ஏறி மேல்பக்கம் வந்துவிட்டது. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆணி இம்மி அசைந்தாலும் வலி தாங்கவில்லை. ஃபென்டனில் மாதிரி ஆளை அசத்தும் மருந்தெல்லாம் கொடுத்து ஆணியைக் கீழ்ப்பக்கமாகப் பிடுங்கி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால்... ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவில் சமர்த்தாகப் புகுந்து போயிருந்தது. காலில் ஒரு கீறல் கிடையாது.

ஆசாமி நடிக்கவில்லை. நிஜமாகவே வலித்தது. கண் ஆணியைப் பார்த்தது, மூளை கணக்குப் போட்டது, வலி என்கிற பில்லை அனுப்பிவிட்டது. பி.காம். பாஷையில் சொன்னால் சரக்கு வரவில்லை, இன்வாய்ஸ் மட்டும் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் வேலை பார்த்தார். மோசமாகக் காயம்பட்டு வந்த சிப்பாய்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டால், ஏறக்குறைய நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்களாம். 1946-ல் இதை எழுதினார். அவர்களுக்குக் காயம் என்றால் சண்டை முடிந்தது, உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அதனால்தான் வலி அடங்கியிருக்கிறது என்பது அவருடைய ஊகம்.

ஆக, அடிக்கும் வலிக்கும் இருக்கும் உறவு மாமனார் மாப்பிள்ளை உறவு மாதிரி. உறவு உண்டு. ஆனால் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடு ஆள் மூளை.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் நண்பன் ஒருவன். முப்பத்தாறு வயசு. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாசக் கடைசியில் கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது இடுப்பில் 'சுரீர்' என்றது. அந்தச் சுரீர் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போயிற்று. ஸ்கூட்டர் போயிற்று, எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்தது. மூணு மணி நேரம் உட்கார முடியாதென்று சினிமா போயிற்று. திருத்தணிப் படிகளை அண்ணாந்து பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை. "அப்பா தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறான். இப்போதெல்லாம் அது கேட்பதில்லை. நேராகத் தாத்தாவிடம் போகிறது. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அவனிடம் ஒரு எம்.ஆர்.ஐ. படம் இருக்கிறது. பெரிய கவரில் போட்டு, ஜாதகம் மாதிரி எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போகிறான். ஜோசியருக்கு ஜோசியர் தோஷம் மாறுகிற மாதிரி டாக்டருக்கு டாக்டர் வியாக்யானம் மாறும். "எல்-4, எல்-5 நடுவில் டிஸ்க் பிதுங்கல்" என்ற வரியை மட்டும் கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப் போல மனசில் குத்தி வைத்திருக்கிறான்.

அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1994-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிஸினில் ஓர் ஆராய்ச்சி வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அத்தனை டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவிகிதம். 52 சதவிகிதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கி இருந்தது. கவனியுங்கள், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. 2015-ல் இதே மாதிரி ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலியில்லாத இருபது வயசுக்காரர்களிலேயே 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயசில் 96 சதவிகிதம். தலை நரைக்கிற மாதிரிதான் பல பேருக்கு இதுவும். நரைத்த தலை வலிக்க வேண்டுமென்று சட்டமில்லை.

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தி நிஜமாகவே காலைப் பிடுங்கி எடுக்கிற கேஸ்கள் உண்டு. அது வேறு இலாகா. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமாக இருந்தே தீரவேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

நண்பன் பண்ணாத வைத்தியம் இல்லை. கற்பூராதித் தைலம், ஓத்தடம், பெல்ட், கட்டிலில் படுக்க வைத்து இடுப்பை இழுக்கும் ட்ராக்ஷன், தரையில் பாய். ஊரில் யாரோ கால் முன்னால் வரப் பிறந்தவராம், அவர் காலால் முதுகில் உதைத்தால் பிடிப்பு விட்டுப் போகும் என்று இவன் அம்மா கூட்டிப் போய் உதையும் வாங்கித் தந்தார். உதைத்தவருக்குப் பாவம் வயசு எழுபது, அவர்தான் தடுமாறி விழப் பார்த்தாராம்.

கடைசியாகப் பார்த்த எலும்பு டாக்டர் படத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நடங்க, எக்ஸர்ஸைஸ் பண்ணுங்க, அப்படியே ஒரு ஸைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குப் போன். "முதுகு வலிக்குதுன்னு போனா தலைக்கு டாக்டரைப் பாருங்கறார்டா. எனக்கென்ன பைத்தியமா? அப்ப நான் ரெண்டு வருஷமா நடிக்கிறேனா?"

நம்மூரில் இந்த வைத்தியத்துக்கு முதல் எதிரி இந்தக் கேள்விதான். ஸைக்காலஜிஸ்ட் என்ற பெயர்ப் பலகை உள்ள படியில் ஏறினால் தெருவே பார்க்கும், பெண்ணுக்குப் பிற்காலத்தில் வரன் அமையாது என்கிற அளவுக்கு யோசிக்கிறார்கள். அதனால் அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று மாசத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட வலி. அதற்குள் சதைப் பிடிப்போ சுளுக்கோ பெரும்பாலும் ஆறிவிட்டிருக்கும். பிறகு ஏன் வலிக்கிறது? பாங்க்கில் லோன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டீர்கள். ஆனால் மாதா மாதம் கணக்கிலிருந்து கழிக்கும்படி கொடுத்த உத்தரவை யாரும் ரத்து பண்ணவில்லை. ஐந்தாம் தேதி ஆனால் பணம் கழிகிறது. கடன் இல்லை, கழிவு மட்டும் நிஜம். பாஸ்புக்கில் நிஜமாகவே பணம் குறைகிறது. அதை யாராவது "கற்பனை" என்று சொன்னால் எப்படியிருக்கும்? நாள்பட்ட முதுகுவலி நிறைய பேருக்கு இந்த ரகம். நரம்பு மண்டலம் ஆபத்து ஆபத்து என்று அலறப் பழகிவிட்டது. குனிந்தால் ஆபத்து, உட்கார்ந்தால் ஆபத்து, சிலிண்டரைப் பார்த்தால் ஆபத்து.

1965-லேயே மெல்ஸாக், வால் என்று இரண்டு பேர் முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, கீழேயிருந்து வரும் தகவலை அது கூட்டும் குறைக்கும், அந்தக் கதவுக்கு மூளையிலிருந்தும் உத்தரவு வருகிறது என்று எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு மாறியிருக்கின்றன. கதவுக்கு மேலிடத்து உத்தரவு உண்டு என்பது மாறவில்லை. பயம், தூக்கமின்மை, கோபம், 'இனிமே நம்ம கதை அவ்வளவுதான்' என்ற நினைப்பு, எல்லாம் மேலிடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸைக்காலஜி வைத்தியம் அந்த மேலிடத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. அவ்வளவே.

*

முதுகுவலி விஷயத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், குறிப்பாக ஸியாட்டில் பக்கம், ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம்.

ஜான் பொனிகா என்று ஒருவர். இத்தாலிக்காரர், சின்ன வயசிலேயே அமெரிக்கா வந்தவர். மெடிக்கல் காலேஜ் செலவுக்காக முகமூடி போட்டுக்கொண்டு குஸ்தி போட்டார். 'மாஸ்க்டு மார்வெல்' என்று பெயர். பகலில் டாக்டர், ராத்திரி முகமூடி; நம் சினிமாக்காரர்கள் இன்னும் இதை எடுக்காதது ஆச்சரியம்தான். குஸ்தியில் உடம்பெல்லாம் அடி வாங்கி வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். வலியைப் பற்றி 1953-ல் மகா பெரிய புஸ்தகம் ஒன்று எழுதினார். வலி ஒரே டாக்டருக்கு அடங்காது. எலும்புக்காரர், நரம்புக்காரர், மனசுக்காரர் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும் என்று சொன்னார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மேஜையும் போட்டார்.

அந்த மேஜையில் உட்கார்ந்த மனசுக்காரர் வில்பர்ட் ஃபோர்டைஸ். இவர் கவனித்தது ரொம்ப எளிமையான சமாச்சாரம். வலிக்கிறவர் முனகுகிறார். உடனே மாத்திரை வருகிறது, ஓய்வு வருகிறது, வீட்டில் எல்லோரும் சூழ்ந்துகொள்கிறார்கள். வலியில்லாமல் நடமாடும்போது ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆக, தெரியாமலே வலிக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஃபோர்டைஸ் சம்பளத்தை மாற்றினார். மாத்திரை வலிக்கும்போது கிடையாது, மணி அடித்தால் உண்டு. நடை 'வலிக்கிற வரைக்கும்' கிடையாது. இன்றைக்கு இத்தனை தூரம் என்று கோட்டா. வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அதைத் தாண்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கோட்டா முடித்தால் ஓய்வும் பாராட்டும்.

நண்பன் வீட்டுக்குப் போயிருந்தபோது இதை யோசித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் சோபாவில் லேசாக "அம்மா..." என்றான். சமையலறையிலிருந்து அவன் அம்மா வெந்நீர்ப் பையோடு வந்தார். மனைவி தலையணை கொண்டுவந்தாள். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். காபி வந்தது. எனக்குக்கூட வந்தது.

"பாருங்கண்ணா, குனிஞ்சு செருப்பு மாட்டக்கூட இவரை நாங்க விடறதில்லை" என்றாள் அவன் மனைவி.

"நம்ம பிள்ளை முதுகு கண்ணாடி மாதிரி தம்பி" என்றார் அம்மா.

இதில் யார்மேலும் குற்றமில்லை. பாசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை "உன் முதுகு கண்ணாடி" என்று கேட்டுக்கொண்டிருக்கிற மூளை என்ன செய்யும்? கண்ணாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். ஆகவே இன்னும் சத்தமாக மணி அடிக்கும். குனிவதில்லை, அதனால் முதுகுச் சதை தளர்கிறது, தளர்ந்ததால் குனிந்தால் வலிக்கிறது, வலித்ததால் குனிவதில்லை. பயமும் தவிர்ப்பும் வலியும் இப்படி வட்டமடிப்பதை விளாயன், லிண்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பிரசித்தம்.

க்ஷேத்திரத்தில் இன்னொரு சன்னதியும் உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் கண்டிப்பாகச் சேவிக்க வேண்டியது. போயிங் விமானக் கம்பெனியின் தொழிலாளிகள் 3020 பேரைத் தொடர்ந்து கவனித்து 1991-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. யாருக்கு முதுகுவலி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது கேள்வி. உடல் பலம் எவ்வளவு, எவ்வளவு தூக்குகிறார் என்றெல்லாம் அளந்தார்கள். 'என் வேலை எனக்குப் பிடிப்பதே இல்லை' என்ற ரீதியில் பதில் சொன்னவர்கள், வேலை அநேகமாக எப்போதும் பிடிக்கிறது என்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகில் அடி என்று ரிப்போர்ட் செய்திருந்தார்கள். இதை வெட்டி மானேஜர் மேஜையில் ஒட்ட நினைக்கும் வாசகர்கள் அவரவர் பொறுப்பில் செய்துகொள்ளவும்.

*

கடைசியில் நண்பன் போனான். மனைவி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள் என்பது சரி. ஸைக்காலஜிஸ்ட் ஐம்பது வயசு அம்மாள். மேஜையில் மண்டை ஓடு, சோபாவில் படுக்கை, 'உங்கள் சின்ன வயசைச் சொல்லுங்கள்' ஒன்றும் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். இவன் அக்கவுண்ட்ஸ் ஆளாச்சே, உற்சாகமாகக் கோடு போட்டான்.

இடது பக்கம் வலி எப்போது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், மனசில் என்ன ஓடியது. வலது பக்கம் அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம். சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் வைத்தியத்தின் ஒரு முக்கியமான அங்கம் இது. நினைப்பை ஆடிட் பண்ணுவது. முதல் வாரம் இவன் எழுதியது: "பக்கெட் தூக்கினேன். டிஸ்க் பிதுங்கிக் கால் விழுந்துவிடும் என்று தோன்றியது." ஆதாரம் என்ற இடத்தில் எம்.ஆர்.ஐ. என்று போட்டிருந்தான். எதிர் ஆதாரம் காலி. அந்த அம்மாள் கேட்டாராம்: "இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை கால் விழுந்துடும்னு நினைச்சிருப்பீங்க?"

"ஆயிரம் தடவை இருக்கும் மேடம்."

"எத்தனை தடவை விழுந்துச்சு?"

ஆடிட்டரிடம் மாட்டிய கிளார்க் மாதிரி முழித்தானாம்.

இன்னொன்றும் கேட்டார். சிலிண்டர் தூக்கின அந்த மார்ச்சில் வேற என்ன நடந்தது? வருஷக் கடைசிக் கணக்கு. பத்து நாள் சரியான தூக்கம் இல்லை. புது மேலதிகாரி வந்து எல்லார் முன்னாலும் ஃபைலைத் தூக்கிப் போட்டிருக்கிறார். சிலிண்டர் ஒன்றுதான் காரணம் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் மற்ற வவுச்சர்கள் கிடைத்தன.

அடுத்து கோட்டா. வலி குறைந்த நாளில் இவன் வீட்டையே கழுவிவிடுவான். மறுநாளிலிருந்து நாலு நாள் படுக்கை. முதுகுவலிக்காரர்கள் நிறைய பேரிடம் இந்தத் துள்ளலும் படுக்கையும் மாறி மாறி வரும். அதை நிறுத்தி, நல்ல நாளிலும் பத்து நிமிஷம், மோசமான நாளிலும் பத்து நிமிஷம், வாரா வாரம் கொஞ்சம் ஏற்றம். பிறகு மூச்சு, தசையைத் தளர்த்துவது, தூக்கத்துக்கு ஒழுங்கு. இதெல்லாம் சுவாரஸ்யம் குறைவு, வேலை செய்வது ஜாஸ்தி.

தியான வழி ஒன்றும் இருக்கிறது. ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-ல் மாஸசூஸட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், டாக்டர்கள் கைவிட்ட நாள்பட்ட நோயாளிகளுக்காக ஆரம்பித்தது. எட்டு வாரம். பௌத்த தியானத்திலிருந்து சாமி சமாச்சாரத்தைக் கழித்து எடுத்தது. வலியை விரட்டப் பார்க்காமல், எங்கே இருக்கிறது, எரிகிறதா, இழுக்கிறதா என்று அது பாட்டுக்குக் கவனிப்பது. நம் பக்கத்திலிருந்து போனது, இப்போது ஆங்கிலப் பெயரோடு செல்போன் ஆப்பாகச் சந்தா கட்டச் சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. பாசுமதி கதைதான்.

பலிக்கிறதா என்று கேட்பீர்கள். நியாயம். 2016-ல் அமெரிக்க மெடிக்கல் அஸோஸியேஷன் ஜர்னலில் வந்த ஆராய்ச்சி, மறுபடி அதே வாஷிங்டன் மாநிலம். முதுகுவலிக்காரர்கள் 342 பேர். ஒரு கோஷ்டிக்கு சி.பி.டி., ஒரு கோஷ்டிக்குத் தியானம், மூன்றாவது கோஷ்டிக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஆறு மாசம் கழித்து அன்றாட நடமாட்டத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி முன்னேறியவர்கள் தியானத்தில் 60.5 சதவிகிதம், சி.பி.டி.யில் 57.7, வழக்கமான வைத்தியத்தில் 44.1. சும்மா இருந்தவர்களிலேயே நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர் தேறியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எந்த வைத்தியர் 'என்னால்தான் குணமாச்சு' என்று விளம்பரம் போட்டாலும் இந்த நாற்பத்து நாலை முதலில் கழித்துக்கொள்ளவும்.

இதைவிடத் தடாலடியான ரிஸல்ட் கொலராடோவில் போல்டர் என்ற ஊரிலிருந்து வந்தது. 151 பேர். நாலு வாரத்தில் எட்டு சிட்டிங். 'உங்கள் முதுகில் ஆபத்து ஒன்றுமில்லை, இது மூளை தவறி அடிக்கும் மணி' என்பதை நோயாளிக்கு மெள்ள மெள்ள உணர்த்துகிற முறை. முடிவில் 66 சதவிகிதம் பேர் வலியே இல்லை, அல்லது இல்லாத மாதிரிதான் என்றார்கள். வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று சொல்லியே ஊசி போட்ட கோஷ்டியில் 20 சதவிகிதம். வழக்கமான வைத்தியத்தில் 10. ஒரு வருஷம் கழித்தும் பலன் பெரும்பாலும் நின்றது. 2022-ல் ஜாமா ஸைக்கியாட்ரி இதழில் அச்சாகியிருக்கிறது.

படித்ததும் எனக்கும் புல்லரித்தது. பிறகு நிதானமாகப் பார்த்தால், அந்த 151 பேருக்கும் சராசரியாக மிதமான வலிதான். ஒரே ஊர், ஒரே கோஷ்டி. மறுபக்கம், காக்ரேன் என்ற அமைப்பு 2020-ல் நாள்பட்ட பலவித வலிகளுக்கான 75 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சி.பி.டி.யால் பலன் உண்டு, ஆனால் சராசரியில் சின்னப் பலன்தான் என்று சொல்லிவிட்டது. எனக்கு இந்தச் சலிப்பூட்டுகிற முடிவின் மேல்தான் நம்பிக்கை. சின்னது என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. அரியர்ஸ் வராவிட்டாலும் டி.ஏ. வந்தால் வேண்டாமென்றா சொல்கிறோம்?

எது இருப்பதில் உத்தமம்? 2022-ல் 97 ஆராய்ச்சிகளைச் சேர்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டதில், மனசு வைத்தியத்தைத் தனியாகக் கொடுப்பதைவிட ஃபிஸியோதெரபி உடற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். ஃபிஸியோதெரபிஸ்ட்டுகளுக்கே பயம் தெளிவிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்து, பெர்த்திலும் ஸிட்னியிலும் 492 பேரிடம் சோதித்தார்கள். ஏழு சிட்டிங், ஆறு மாசத்தில் ஒரு நினைவூட்டல். 2023-ல் லான்ஸெட்டில் வந்தது. வலியால் வரும் முடக்கம் நன்றாகக் குறைந்து, ஒரு வருஷம் வரை அப்படியே நின்றது. 'பைத்தியமா' கேள்விக்கும் இது நல்ல தீர்வு. ஃபிஸியோதெரபிக்குப் போவதைத் தெருவில் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், குறிப்பான நோய்க் காரணம் இல்லாத நாள்பட்ட முதுகுவலிக்கு முதல் தடவையாக வழிகாட்டி வெளியிட்டது. விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, சி.பி.டி. மாதிரி மனசு வைத்தியம் எல்லாம் வேண்டும் பட்டியலில். வேண்டாம் பட்டியலில் இடுப்பு பெல்ட், ட்ராக்ஷன். நண்பனிடம் இதைச் சொன்னபோது பீரோவில் இருந்த மூன்று பெல்ட்டுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம்டா" என்றான். இப்போது ஒன்றில் அவன் அப்பா பழைய பேப்பர்களைக் கட்டி வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை மட்டும் தாண்டிப் போக வேண்டாம். முதுகுவலியோடு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்து வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர், பெரிய விபத்துக்குப் பிறகு வந்த வலி, இவர்களும் டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோட்டுப் புஸ்தகமெல்லாம் அதற்கப்புறம்.

செலவு? சிட்டிங்குக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஆகிறது. சின்ன ஊர்களில் ஆளே கிடைப்பது கஷ்டம். க்ளினிக்கல் ஸைக்காலஜி முறையாகப் படித்துப் பதிவு செய்தவர்தானா, நாள்பட்ட வலிக்காரர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். வார இறுதியில் இரண்டு நாள் வகுப்பு போய்விட்டு விஸிட்டிங் கார்டு அடித்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

நண்பனுக்கு வலி போய்விடவில்லை. பத்துக்கு ஏழாக இருந்தது நாலு என்கிறான். ஸ்கூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறான், ஓட்டவில்லை. 'அம்மா' என்றால் வெந்நீர்ப் பை வருவது நின்றுவிட்டது. அதில் அவன் அம்மாவுக்குத்தான் இவனைவிடக் கஷ்டம். "பிள்ளை முனகும்போது பேசாம இருன்னு சொல்லிட்டாங்க தம்பி, என்ன படிப்போ" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் போட்டுக் கொடுத்த கடைசிப் பயிற்சி ஓர் ஏணி. எதற்கு ரொம்பப் பயமோ அது மேல் படி. அவன் மேல் படியில் மகளைத் தூக்குவது என்று எழுதியிருந்தான். கீழ்ப் படியில் காலி பக்கெட். அப்புறம் அரை பக்கெட் தண்ணீர். அப்புறம் மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி அரிசியை இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று தனித்தனிப் பைகளாகக் கட்டி வாங்கினான். தரையிலிருந்து குனிந்து எடுத்து மேஜையில் வைக்க வேண்டும், பத்து தடவை, வலி வந்ததா என்று எழுதாமல் வைத்தேனா என்று மட்டும் எழுத வேண்டும்.

போன வாரம் பத்து கிலோவுக்கு வந்துவிட்டான். மகள் பதினாலு கிலோ.

"நாலு கிலோதானேடா பாக்கி" என்றேன்.

"நீ வேற. அவளும் மாசா மாசம் ஏறிக்கிட்டே போறாடா" என்றான்.